மொறிஸ் மைனருக்கு எந்த பிரேக் ஒயில்? கடற்காற்றில் பிரித்துக் கட்டிய அனுபவம்

மாமாவின் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் இப்போது உவர்மலை இறக்கத்தில் மிதித்த இடத்திலேயே நிற்கிறது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் நான்கு சக்கரங்களும் தடையில்லாமல் உருளுகின்றன. பிரேக் பிடிக்காத காரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். இந்தக் காருக்கு வந்தது அதற்கு நேர்மாறான நோய்: பிடித்த பிரேக் விடவில்லை. அதற்குக் காரணம் உள்ளே ஊற்றியிருந்த ஒயில். சிலிண்டர், றப்பர், குழாய் என்று எல்லாவற்றையும் தொட வேண்டி வந்தாலும், வேலை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. உப்புக் காற்றும் ஈரமும் உள்ள திருகோணமலையில், அறுபது வயது தாண்டிய பிரேக்குக்கு எந்த ஒயிலை ஊற்றுவது?

காரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 948 சிசி என்ஜின் உள்ள மைனர் 1000. நான்கு சக்கரங்களிலும் ஏழு அங்குல டிரம் (ஷூ என்ற கட்டைகள் உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வட்டப் பெட்டி), ஒயில் அழுத்தத்தால் இயங்கும் லொக்ஹீட் ஹைட்ரோலிக் அமைப்பு. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் சக்கரங்களில் ஒவ்வொன்று, மொத்தம் ஆறு. 1962இல் 1098 சிசி என்ஜின் வந்தபோது முன் டிரம் எட்டு அங்குலமாகிவிட்டது. பழைய கார்களுக்கு இடையில் பாகங்கள் மாறிப் பொருத்தப்பட்டிருப்பதும் உண்டு. அதனால் கடைக்குப் போகுமுன் டிரம்மை அளந்துகொள்ள வேண்டும், ஆண்டை மட்டும் நம்பிப் போகக்கூடாது. மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் போனட்டுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், அடிச்சட்டத்தின் பெட்டிக்குள் படுத்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி, சிறிய மூடித் தகட்டைக் கழற்றினால்தான் ஒயில் ஊற்றும் வாய் தெரியும். கண்ணில் படாத இடம் என்பதால் அதை அடிக்கடி பார்ப்பவர்கள் குறைவு.

கிண்ணியாவிலிருந்து திரும்பும் வழியில்தான் நோய் முற்றியது. சீனன்குடாவை நெருங்கும்போது கார் மூன்றாவது கியரிலேயே திணறியது, தீய்ந்த நாற்றம் வந்தது. இறங்கிக் கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் நான்கு டிரம்களும் கொதித்தன. ஒரு சக்கரம் மட்டும் சூடானால் அந்தச் சக்கரத்தின் ஷூ, ஸ்பிரிங், வீல் சிலிண்டர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். நான்கும் சேர்ந்து சூடானால் நோய் நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையில் உள்ள தள்ளுதண்டில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது. ஆட்டிப் பார்த்தேன், தளர்வு இருந்தது. அடுத்து முன் இடது சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை, அதாவது காற்றையும் ஒயிலையும் வெளியேற்றும் திருகை, அரைச் சுற்றுத் தளர்த்தினேன். ஒயில் பீச்சி அடித்தது, உடனே நான்கு சக்கரங்களும் விடுபட்டன. மிதியைத் தொடாமலே குழாய்க்குள் அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கு முன்னால் ஒரு றப்பர் கப் இருக்கிறது. காலை எடுத்ததும் அந்தக் கப் பின்வாங்கி, ஒயில் தாங்கிக்குப் போகும் ஊசித்துவாரம் ஒன்றைத் திறந்துவிட வேண்டும். சூட்டில் விரியும் ஒயில் அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் தாங்கிக்குத் திரும்புகிறது. கப் ஊதிப்போனால் அதன் விளிம்பு துவாரத்தை மூடியபடியே நிற்கும். ஒயில் திரும்ப வழியில்லை, ஷூ டிரம்மை உரசும், உரச உரசச் சூடேறும், சூடேற ஒயில் இன்னும் விரியும்.

கப் ஏன் ஊதியது என்பதற்கு விடை தாங்கியில் இருந்தது. ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சி, தண்ணீர் பாதி நிறைந்த கண்ணாடிக் குவளையில் விட்டுக் கலக்கினேன். சாதாரண பிரேக் ஒயில் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது, அது தண்ணீரோடு முழுதாகக் கலந்துவிடும். என் குவளையில் ஒரு பகுதி கலந்து மங்கலானது. மீதி சிறு சிறு வட்டங்களாக மேலே வந்து, கொஞ்ச நேரத்தில் ஒன்றுசேர்ந்து செம்மஞ்சள் படலமாக மிதந்தது. விரலால் தொட்டால் என்ஜின் ஒயிலின் வழுவழுப்பு. சில வாரங்களுக்கு முன் வெளியூர்க் கராஜ் ஒன்றில் மட்டம் குறைந்திருக்கிறது என்று நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் ஊற்றியது கனிய எண்ணெய், பவர் ஸ்டீயரிங்குக்கோ ஜக்குக்கோ உரிய ஏதோ ஒன்று. பிரேக் றப்பருக்குக் கனிய எண்ணெயைப் போல் எதிரி வேறில்லை. ஒரு தேக்கரண்டி போனாலும் றப்பர் அதைக் குடித்துப் பெருக்கிறது. குடித்த றப்பரைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்த முடியாது. மாஸ்டர் சிலிண்டர் கப், ஆறு வீல் சிலிண்டர்களின் கப்கள், மூன்று வளையும் ஹோஸ்கள், எல்லாம் குப்பைக்குத்தான். வேலை பெரிதானது இப்படித்தான்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவது மைனரில் பெயர்பெற்ற தலைவலி. அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீளப் போல்ட்களும் சட்டத்தை ஊடறுத்துப் போகின்றன. அவற்றை வெளியே இழுக்கும் வழியில் முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கிறது. அந்தக் கம்பி காரின் பாரத்தைத் தாங்கி முறுகி நிற்கும் கம்பி. முறுக்கை விடுவிக்காமல் அதில் கைவைத்தால் கை போகும். உதவிக்கு வந்த மெக்கானிக் அண்ணன் காரை ஸ்டாண்டுகளில் ஏற்றி, சஸ்பென்ஷனின் கீழ்க் கைக்கு அடியில் ஜக்கை வைத்து, பாரத்தை அதில் எடுத்துக்கொண்டு, இணைப்பைக் கழற்றி, ஜக்கை மெல்ல மெல்ல இறக்கினார். கம்பி தளர்ந்ததும் ஓரமாக நகர்த்திவிட்டுப் போல்ட்களை உருவினோம். கம்பியின் பல்லும் அதன் பிடியும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயிண்ட்டால் முன்கூட்டியே கோடு போட்டிருந்தோம். ஒரு பல் தவறினாலும் காரின் அந்தப் பக்கம் உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும். திரும்பப் பூட்டும்போது போல்ட்களை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்தோம். அடுத்த முறை டோர்ஷன் பாரைத் தொடாமலே உருவலாம். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

கப்பை வெளியே எடுத்து வேணியர் இடுக்கிமானியில் அளந்தேன். சிலிண்டரின் உள்விட்டம் எட்டில் ஏழு அங்குலம், அதாவது 22.2 மில்லிமீற்றர். புதிய கப்பின் உதடு அதைவிடச் சற்றுப் பெரிதாக, 23 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பழையது ஏறக்குறைய 25. விரலால் அழுத்தினால் ஊறவைத்த பயறுபோல் மெதுமெதுவென்றிருந்தது, விளிம்பில் கறுப்பு மை ஒட்டியது.

துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தபோது சிலிண்டரின் உட்சுவரில் இன்னொரு செய்தி எழுதியிருந்தது. மேற்பாதி கண்ணாடிபோல் பளபளத்தது. கீழ்ப்பாதியில் மட்டும், நீளவாக்கில், ஊசி குத்தியதுபோல் துருக் குழிகள். இது கனிய எண்ணெயின் வேலையாக இருக்க முடியாது. பல ஆண்டுகள் மாற்றாமல் விட்ட ஒயில் ஈரத்தைக் குடித்துக் குடித்து நிறைந்த பிறகு, அடியில் தங்கிய தண்ணீர் இரும்பைத் தின்றிருக்கிறது. ஒயிலைப் பற்றி எனக்கிருந்த யோசனைகளை மாற்றியது இந்தக் கீழ்ப்பாதிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குழி விழுந்த சிலிண்டரை எமரித் தாளால் தேய்த்துப் பயன்படுத்துவது வீண்வேலை. தேய்க்கத் தேய்க்க உள்விட்டம் கூடும், கப் இறுகப் பிடிக்காது. பட்டறையில் லேத் பிடிப்பவர் உள்ளே கடைந்து, துருப்பிடிக்காத உருக்கில் ஸ்லீவ் என்ற உட்குழல் போட்டு, திரும்ப 22.2 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தார். ஸ்லீவ் போட்டால் பழைய துவாரங்கள் மறைந்துவிடும், அவற்றைத் திரும்பத் துளைக்க வேண்டும். பெரிய துவாரம் பிரச்சினை இல்லை. அந்த ஊசித்துவாரத்தில்தான் கவனம் வேண்டும். துளைத்த பின் அதன் உள்விளிம்பில் ஒரு மயிரிழைப் பிசிர் நின்றாலும், ஒவ்வொரு மிதிக்கும் கப்பின் உதட்டை அது சீவிவிடும். லேத்காரர் மரக்குச்சியில் நுண்ணிய எமரித் தாளைச் சுற்றி நெடுநேரம் உருட்டிக் கொடுத்தார். நான் காதுகுடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே இழுத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடச் சிக்காதவரை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆறு வீல் சிலிண்டர்களையும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் புதிதாக வாங்கினோம். அவற்றுக்கு ஸ்லீவ் போடும் கூலி புதியதின் விலையை நெருங்குகிறது.

இனி ஒயில். காருக்குரிய பழைய கைநூல் லொக்ஹீட் நிறுவனத்தின் ஒயிலை ஊற்றச் சொல்கிறது. தொடக்க காலத்து பிரேக் ஒயில்களில் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் சேர்ந்திருந்தன. அவை இன்று கடையில் இல்லை, தேவையும் இல்லை. இன்றைக்கு நம் முன் இருப்பவை டொட் (DOT) என்ற அமெரிக்கத் தரக் குறியீட்டில் வரும் டொட் 3, டொட் 4, டொட் 5, டொட் 5.1 என்ற நான்கு. எண் கூடக் கூடத் தரமும் கூடுகிறது என்று நினைப்பதால்தான் பல கார்கள் கெடுகின்றன. 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கோல் வகை, ஒன்றோடொன்று கலந்தாலும் ஆபத்தில்லை. 5 மட்டும் சிலிக்கோன். அது ஊதா நிறத்தில் இருக்கும், மற்றவற்றோடு கலக்கவே கலக்காது. 5க்கும் 5.1க்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று கடையில் மாற்றி வாங்கிவிடக் கூடாது.

தரநிர்ணயம் சொல்லும் குறைந்தபட்சக் கொதிநிலைகள் இவை. புதிய டொட் 3க்கு 205 பாகை செல்சியஸ், ஈரம் குடித்த பிறகு 140. டொட் 4க்கு 230, ஈரத்தில் 155. டொட் 5க்கும் 5.1க்கும் 260, ஈரத்தில் 180. ஈரம் என்று இங்கே சொல்வது ஏறக்குறைய 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்த நிலை. போத்தலில் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பது முதல் எண். நம் ஊருக்கு வேண்டியது இரண்டாவது எண். கிளைக்கோல் தாங்கியின் மூச்சுத்துவாரம் வழியாகவும் ஹோஸின் றப்பர் சுவர் வழியாகவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசியில் தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும், மற்ற மாதங்களில் கச்சான் காற்றின் புழுக்கத்தோடு கடலின் உப்பு. இங்கே ஒயில் நெடுநாள் உலர்ந்து இருக்காது.

அப்படியானால் ஈரத்தையே குடிக்காத சிலிக்கோன்தானே சரி? நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். பழைய கார் வைத்திருக்கும் பலர் அதைப் புகழ்கிறார்கள், அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. பெயிண்ட்டில் சிந்தினால் கிளைக்கோல் பெயிண்ட்டை உரித்துவிடும், சிலிக்கோன் ஒன்றும் செய்யாது. ஆண்டில் பதினொரு மாதம் கொட்டகையில் நிற்கும் காட்சிக் காருக்கு அது பொருந்தும். இந்தக் காருக்கு ஏன் வேண்டாம் என்று முடிவெடுத்தேன் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, சிலிண்டரின் அந்தக் கீழ்ப்பாதி. சிலிக்கோன் ஈரத்தைக் குடிக்காது என்பதால் ஈரம் உள்ளே வராமல் போய்விடாது. மழைக் காலத்தில் மூடியின் வழியாகவும், சக்கரம் தண்ணீரில் ஓடும்போது சிலிண்டர் உறையின் வழியாகவும் வரத்தான் செய்யும். கிளைக்கோலில் அந்தத் தண்ணீர் பரவிக் கலந்துவிடும், ஒயிலை மாற்றும்போது அதோடு வெளியே போய்விடும். சிலிக்கோனில் அது துளியாகவே நின்று, மிகத் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். தாழ்ந்த இடம் என்றால் வீல் சிலிண்டரின் அடிப்பகுதி. அங்கே துருவும் பிடிக்கும். தேங்கிய தண்ணீரின் கொதிநிலை 100 பாகைதான், ஒயிலின் போத்தலில் எழுதியிருக்கும் 260 அந்த இடத்தில் உதவாது.

இரண்டாவது, சிலிக்கோன் காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அழுத்தினால் சற்று அமுங்கவும் செய்யும். மிதி பஞ்சுபோல் இருக்கிறது என்பது சிலிக்கோன் ஊற்றியவர்களின் பொதுவான முறைப்பாடு. மைனரின் பிரேக் லைட் சுவிட்ச் வேறு ஹைட்ரோலிக் அழுத்தத்தால் இயங்குவது. அந்த வகைச் சுவிட்சுகள் சிலிக்கோனில் சீக்கிரம் செயலிழப்பதாகவும் பலர் சொல்லியிருக்கிறார்கள். பெயிண்ட்டைக் காப்பாற்றுகிறது என்ற வாதம் மைனருக்கு அவ்வளவாகப் பொருந்தாது, ஏனென்றால் ஒயில் ஊற்றும் இடமே தரைக்கு அடியில் இருக்கிறது. ஒரு ஈரத் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவதுதான் என் மனத்தில் கனமான காரணம். இந்தக் கார் ஓடும் கார். மாமா இதில் கந்தளாய்க்குப் போவார், ஹபரணை தாண்டித் தம்புள்ளைக்கும் போவார். வழியில் மட்டம் குறைந்தால் யாரோ ஒருவர் நல்ல மனத்தோடு கடையில் கிடைக்கும் டொட் 3ஐயோ 4ஐயோ ஊற்றுவார். உள்ளே சிலிக்கோன் இருந்தால் அந்த நிமிடத்திலிருந்து இரண்டு ஒயில்களும் பிரிந்து நிற்கும் பிரேக் இது. எங்கள் காருக்கு வந்த நோயே வேறொருவர் கை ஊற்றியதால் வந்தது. எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கி ஊற்றினாலும் கெடாத ஒயில்தான் சாலையில் ஓடும் பழைய காருக்குரிய ஒயில் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மிச்சம் 3, 4, 5.1. கடைசியானது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள புதுக் கார்களுக்காக மெல்லியதாகச் செய்யப்படுவது. டிரம் பிரேக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, விலைதான் கூடுதல். டொட் 3 போதாதா என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார். முக்கால் தொன் அளவே பாரமுள்ள கார், திருகோணமலையைச் சுற்றித் தட்டை நிலம், போதும்தான். ஆனால் தம்புள்ளை தாண்டி மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போய்த் திரும்பும் இறக்கங்களில், ஈரம் குடித்த நிலையில், 140க்கும் 155க்கும் இடையிலுள்ள 15 பாகைக்கு மதிப்புண்டு. விலை வித்தியாசமோ ஒரு போத்தலுக்கு நானூறு ரூபா. டொட் 4 என்று முடிவு செய்தேன்.

"றப்பரைப் பார்க்காமல் ஒயில் வாங்க வேண்டாம் தம்பி" என்று அண்ணன் ஒரு கட்டையைப் போட்டார். அவர் சொன்னது நியாயம். அந்தக் காலத்தில் கேர்ளிங் அமைப்புள்ள கார்களில் இயற்கை றப்பர் கப்கள் இருந்தன, அவற்றுக்குத் தனி ஒயில் சொல்லப்பட்டிருந்தது. பழைய இருப்பிலிருந்து வரும் கப்கள் எந்த றப்பர் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் வாங்கிய புதிய கப்களின் பொதியில் ஈபிடிஎம் என்று அச்சிட்டிருந்தது, அது ஒரு செயற்கை றப்பர். கிளைக்கோலுக்கும் சிலிக்கோனுக்கும் அது தாங்கும், கனிய எண்ணெய்க்குத் தாங்காது. இருந்தாலும் அச்சை நம்பி விட்டுவிட மனம் வரவில்லை. ஒரே பொதியிலிருந்து மூன்று கப்களை எடுத்து மூன்று ஜாம் போத்தல்களில் போட்டேன். ஒன்றில் டொட் 3, ஒன்றில் டொட் 4, ஒன்றில் பவர் ஸ்டீயரிங் ஒயில். மூடி இறுக்கி, வெயில் படும் யன்னல் ஓரத்தில் ஒரு வாரம் வைத்தேன். 23.0 மில்லிமீற்றர் இருந்த கப், டொட் 3இல் 23.1 ஆனது, டொட் 4இல் 23.2. கொஞ்சம் பெருப்பது நல்லது, கசியாமல் பிடிக்கும். பவர் ஸ்டீயரிங் ஒயிலில் கிடந்தது 27ஐத் தொட்டிருந்தது, போத்தலின் அடியில் தட்டையாகப் பரந்து கிடந்தது. அந்தக் கப்பை மெக்கானிக் அண்ணன் கேட்டு வாங்கித் தன் கராஜ் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறார். மட்டம் நிரப்பக் கார் கொண்டுவருபவர்களுக்கு அதைத் தொட்டுக் காட்டுகிறார். மூன்று கப்களின் விலைக்கு இதைவிட நல்ல படிப்பு கிடைக்காது.

ஒயில் வாங்கியது மத்திய வீதிக் கடை ஒன்றில். "நானா, டொட் 4, சீல் உடைக்காத சின்னப் போத்தல்" என்றேன். ஐந்து லீற்றர் கலனிலிருந்து அளந்து தருவதாக, விலையும் குறைவு என்று சொன்னார். கலன் திறந்து எத்தனை நாள் என்று கேட்டேன். "தம்பி சொல்வதும் சரிதான்" என்று உள்ளேயிருந்து அரை லீற்றர் போத்தல்கள் மூன்றை எடுத்துவந்தார். மூடிக்கு அடியிலுள்ள உலோகத் தாள் கிழியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே வாங்கினேன். இந்த ஊர்க் காற்றில் திறந்து வைத்த பிரேக் ஒயில் போத்தலை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்கக் கூடாது. மிஞ்சினால் போகட்டும்.

குழாய்களைப் பற்றிச் சுருக்கமாக. பின் அச்சுக்குப் போகும் இரும்புக் குழாய் உப்புக் காற்றில் செதில் செதிலாக உரிந்தது, முழுவதையும் மாற்றினோம். பதினாறில் மூன்று அங்குலக் குப்ரோ நிக்கல் குழாய். வெறும் செப்புக் குழாய் மலிவு, வளைக்கவும் இலகு, ஆனால் அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கும். பழைய குழாய்களில் வைத்துக்கொண்ட துண்டுகளைப் பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டால் பல முறை கழுவி, காற்றடித்து உலர்த்தினோம். பெற்றோலோ மண்ணெண்ணெயோ இந்த வேலைக்கு ஆகாது. அவையும் கனிய எண்ணெயின் உறவுதான்.

பூட்டும்போது ஒவ்வொரு கப்பையும் புதிய டொட் 4இல் நனைத்தே உள்ளே விட்டேன். உறைகளுக்குள் சிவப்பு றப்பர் கிறீஸ் ஒரு விரல். சாதாரணக் கிறீஸ் டப்பாவை மேசையிலிருந்தே அகற்றிவிட்டோம்.

ஒயில் ஏற்றிக் காற்றெடுப்பதற்கு வலது பக்கச் சாரதி ஆசனக் காரில் மிகத் தூரமான பின் இடதில் தொடங்கினோம். பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் ஒளிபுகும் குழல், குழலின் மறுமுனை ஒயில் உள்ள போத்தலில் அமிழ்ந்திருக்க வேண்டும். மிதிப்பவர் மெதுவாக மிதித்து மெதுவாக விட வேண்டும். வேகமாக மிதித்தால் ஒயில் நுரைத்து, குமிழிகள் பொடியாகிப் பிறகு வெளியே வராது. காலடித் தாங்கி சிறியது என்பதால் ஒருவர் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வந்த ஒயிலை, எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், திரும்ப ஊற்றவில்லை.

அதன் பிறகும் மிதி பாதிக்கு மேல் கீழே போனது. காற்றுத்தான் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து இன்னும் அரைப் போத்தல் செலவழித்துக் காற்றெடுத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை, மிதியும் மாறவில்லை. பிறகு அண்ணன் நான்கு டிரம்களிலும் உள்ள நத்தை வடிவ அட்ஜஸ்டர்களை ஷூ டிரம்மை முழுதாகப் பிடிக்கும் வரை இறுக்கிவிட்டு மிதிக்கச் சொன்னார். மிதி ஒரு அங்குலத்தில் கல்லாக நின்றது. காற்று இருந்திருந்தால் அப்போதும் அது அமுங்கியிருக்கும். ஆகவே குறை ஷூ தூரத்தில் நின்றதுதான். சக்கரம் சுற்றும்போது மெல்லிய உரசல் கேட்கும் அளவுக்கு அட்ஜஸ்டர்களைத் தளர்த்தி, முன் சக்கரத்தில் இரண்டையும் ஒரே அளவாக வைத்தோம். மிதி உயர்ந்துவிட்டது. காற்றெடுப்பதற்கு முன் அட்ஜஸ்டர்களை இறுக்கிச் சோதித்திருந்தால் அந்த அரைப் போத்தலும் ஒரு பின்னேரமும் மிஞ்சியிருக்கும்.

முதல் ஓட்டம் நிலாவெளி வீதியில், காலையில் வாகனம் குறைந்த நேரத்தில். மெதுவாகப் பலமுறை பிடித்து, ஒவ்வொரு முறையும் இறங்கி டிரம்மைத் தொட்டுப் பார்த்தோம். நான்கும் கையைப் பொறுக்கும் இளஞ்சூடு. பிறகு பிரட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் ஏற்றம், திரும்பும் இறக்கம், கடைசியாக உவர்மலை. இறக்கத்தின் அடியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, மிதியை விட்டதும் கார் தானாக நகர்ந்தது. மாமா இறங்கவில்லை, இன்னொரு முறை மேலே போய் வரலாம் என்றார்.

செலவு இப்படி. வீல் சிலிண்டர் ஆறு, 39,000 ரூபா. மாஸ்டர் சிலிண்டர் ஸ்லீவ் 14,000, அதற்குரிய றப்பர் 4,500. ஹோஸ் மூன்று 10,500. குப்ரோ நிக்கல் குழாய்ச் சுருள் 12,000. ஸ்பிரிட், றப்பர் கிறீஸ் போன்றவை 2,500. டொட் 4 மூன்று போத்தல் 5,700. மொத்தம் 88,200. சிலிக்கோன் வெளிநாட்டிலிருந்து தருவிக்க விலை கேட்டபோது அனுப்பும் செலவோடு ஒரு லீற்றர் இருபதாயிரத்தைத் தாண்டியது. மெக்கானிக் அண்ணன் கூலியாகப் பணம் வாங்க மறுத்துவிட்டார். காரில் ஒரு நாள் மூதூர் போய்வர வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

வேலை முடிந்தது புரட்டாதியில், மழைக்கு முன். தை பிறந்த பிறகு தாங்கியிலிருந்து ஒரு துளி எடுத்து, ஈரம் காட்டும் பேனாச் சோதனைக் கருவியில் பார்த்தோம். ஒரு வீதத்துக்குக் கீழே என்று காட்டியது. நிறம் மட்டும் தேன் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இங்கே நான் ஆண்டுதோறும் புரட்டாதியில் மாற்றப் போகிறேன். ஒரு லீற்றர் ஒயிலும் ஒரு காலைப்பொழுதும்தான் செலவு. ஸ்லீவ் போட்ட சிலிண்டரில் துரு பிடிக்காது, ஆனால் வீல் சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு.

தாங்கியின் மூடித் தகட்டில், விரிப்பைத் தூக்கியதும் கண்ணில் படும்படி, மஞ்சள் பெயிண்ட்டில் "டொட் 4 மட்டும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறோம். அடுத்து செய்ய இருப்பது தாங்கியை மேலே கொண்டுவரும் வேலை. என்ஜின் அறைச் சுவரில் ஒளிபுகும் சிறிய தாங்கி ஒன்றைப் பொருத்தி, காலடிச் சிலிண்டருக்குக் குழாய் இறக்கினால், போனட்டைத் திறந்ததுமே மட்டமும் நிறமும் தெரியும். அதற்கு வேண்டிய மூடியைக் கடைய லேத்காரரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். ஆனால் அப்போது தாங்கி பெயிண்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சிந்தினால் கழுவத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் காரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.